யோசனைச் சீட்டுக்கு ஒரு பதில்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். பணியிடத்தில் புதிய திட்டங்களுக்கான யோசனைகளைத் தொழிலாளர்களிடமிருந்து எவ்வாறு திரட்டுவது, எவ்வாறு பரிசீலிப்பது என்பது குறித்துப் பேச வந்திருக்கிறேன்.

நான் வேலையில் சேர்ந்த காலத்தில், கேன்டீன் வாசலில் பூட்டிய யோசனைப் பெட்டி ஒன்று மாட்டப்பட்டிருந்தது. சாவி அலுவலகத்தில் இருந்தது. ஒருமுறை, தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள் என்பதற்காகப் பதினோரு மாதம் கழித்து அதைத் திறந்தபோது நானும் உடனிருந்தேன். பேக்கிங் பிரிவில் இருந்த ஒரு பெண், உதிரிபாகத் தட்டு முழங்கால் உயரத்தில் இருப்பதால் ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான முறை குனிய வேண்டியிருக்கிறது, அதை ஒரு மேடையின் மேல் ஏற்றி வைத்தால் போதும் என்று பென்சிலால் எழுதிப் போட்டிருந்தார். பழைய பலகைகளைக் கொண்டே எங்கள் தச்சர் அரைநாளில் செய்து கொடுத்திருக்கக்கூடிய மேடை அது. ஆனால் நாங்கள் அந்தச் சீட்டைப் படித்த நாளில், அந்தப் பெண் முதுகுவலியால் வேலையை விட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அன்று முதல், யோசனை கேட்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது பரிசுத் தொகையை அல்ல, பதில் சொல்லும் நாளையே என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்தத் துறையில் டொயோட்டாவின் வரலாறு கவனமாகப் படிக்கத்தக்கது. 1950ஆம் ஆண்டில் அந்த நிறுவனம் நிதி நெருக்கடியிலும் தொழிலாளர் போராட்டத்திலும் சிக்கியது. பலர் வேலை இழந்தனர், தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அதே ஆண்டில் அமெரிக்கா சென்ற, கீச்சிரோவின் உறவினரும் நிறுவன நிர்வாகிகளில் ஒருவருமான எய்ஜி டொயோடா, ஃபோர்டு நிறுவனத்தின் ரிவர் ரூஜ் ஆலையைப் பார்வையிட்டார். அங்கே தொழிலாளர்களிடம் யோசனை பெறும் ஏற்பாடு இருந்தது. 1951இல் டொயோட்டாவும் அத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்க நிறுவனங்கள் பலவும், மிச்சமாகும் தொகையில் ஒரு பங்கைப் பரிசாகக் கொடுத்துப் பெரிய யோசனைகளை எதிர்பார்த்தன. ஜப்பானியத் தொழிற்சாலைகளோ சிறிய யோசனைகளையும் ஏராளமாக வரவேற்று, சிறு பரிசு கொடுத்து, பெரும்பாலானவற்றை அந்தந்தப் பிரிவிலேயே முடிவு செய்யும் வழியை வளர்த்தன. இரண்டாவது வழியே மேலானது என்பது என் கருத்து. பங்கு பெரிதாக இருக்கும்போது, யோசனை முதலில் யாருக்குத் தோன்றியது என்ற சண்டை வருகிறது. பக்கத்து இயந்திரத்தில் நிற்பவரிடம்கூட அதைச் சொல்லாமல் மறைக்கும் பழக்கம் வருகிறது.

சிறியதென்று எதையும் ஒதுக்கிவிடக் கூடாது. 1898இல் கோடாக் நிறுவனத்தில் தொடங்கிய யோசனைத் திட்டத்தின் முதல் பரிசு, வெளிச்சம் நன்றாக வருவதற்கு ஜன்னல்களைக் கழுவ வேண்டும் என்று சொன்ன ஒரு தொழிலாளிக்குக் கிடைத்தது. பரிசு 2 டாலர். ஜன்னல் அழுக்காக இருப்பது அதன் கீழே நின்று வேலை செய்பவருக்குத்தான் தெரியும்.

பிற்காலத்தில் நாங்கள் பெட்டியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிரிவிலும் யோசனைச் சீட்டுகளை ஒட்டுவதற்கு ஒரு பலகை வைத்தோம். அதிகச் செலவில்லாத யோசனைகளை அந்தப் பிரிவின் சூப்பர்வைசரே ஒரு வாரத்துக்குள் முடிவு செய்வார். புதிய கருவியோ முதலீடோ தேவைப்படுபவை மட்டும் யோசனைகளைப் பரிசீலிக்கும் கமிட்டிக்கு வரும். கமிட்டி முதலில் சீட்டைப் பெயரை மறைத்துப் படிக்கும். பாதுகாப்பு, தரம், நேரம், செலவு என்ற வரிசையில் அதை எடைபோட்ட பிறகு, எழுதியவரையே அழைத்து அவருடைய இயந்திரத்தின் அருகில் நின்று விளக்கச் சொல்லும். அறைக்குள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன காலத்தில் புரியாத பல சீட்டுகள், இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபோது ஒரே நிமிடத்தில் புரிந்தன. ஏற்றுக்கொண்ட யோசனையை ஒரு ஷிப்டு மட்டும் சோதித்து, முன்னும் பின்னும் அளந்து பார்த்த பிறகே நிரந்தரமாக்கினோம். தொழிலாளர்கள் அதிகம் கேட்ட கேள்வி, "இதனால் ஆள் குறைப்பீர்களா?" என்பது. யோசனையால் மிச்சமாகும் நேரத்துக்காக யாரையும் வேலையிலிருந்து நீக்குவதில்லை என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்த பிறகுதான் பலகைகள் நிறையத் தொடங்கின.

மறுக்கும்போதும் காரணத்தை எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எங்கள் பிட்டர் ஒருவர், லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் சிந்தும் கூலன்ட், அதாவது குளிர்விக்கும் திரவம், தரையில் தேங்கி வழுக்குவதைத் தடுக்க ஒரு நீண்ட தட்டு வைக்கலாம் என்று எழுதினார். சுமை தூக்கும் போர்க்லிப்ட் வண்டி செல்லும் வழியை அது மறிக்கிறது என்று எழுதி மறுத்தோம். தட்டைக் குறுக்கி மீண்டும் கொடுத்தார். அள்ளிச் சுத்தம் செய்ய இடமில்லை என்று மறுத்தோம். மூன்றாவது முறை, இழுத்து வெளியே எடுக்கும் வகையில் இரண்டு துண்டுகளாக வரைந்து கொண்டுவந்தார். முந்தைய இரண்டு மறுப்புச் சீட்டுகளையும் அந்த வரைபடத்தோடு சேர்த்துக் குத்தியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை காலை ஷிப்டில் அவரே அந்தத் தட்டைப் பொருத்தினார்.

நன்றி, வணக்கம்.