பட்டுப்புடவைச் சத்தத்துக்குன்னே இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கு!

(திரையில்: பட்டுப்புடவை மடிப்பை ஒரு கை கசக்குகிறது. இசை வேண்டாம், சத்தம் மட்டும்.)

கேட்டுச்சா? இன்னொரு தடவை. ஹெட்செட் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். இது திருபுவனம் பட்டு, அம்மாவின் கல்யாணப் புடவை. பத்து நிமிஷத்தில் திருப்பித் தருகிறேன் என்று கெஞ்சி வாங்கி வந்திருக்கிறேன். இந்தச் சத்தத்துக்கென்றே இங்கிலீஷில் ஒரு வார்த்தை இருக்கிறது. சொல்கிறேன், அதற்கு முன்னால் நான் ஏழாம் வகுப்பில் வாங்கிய சிவப்பு வட்டத்தைப் பாருங்கள்.

எங்கள் ஊர் குடமுருட்டிக் கரை. "எங்கள் ஊர் ஆறு" என்று இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ஆறு சலசலவென்று ஓடுகிறது என்று எழுத எனக்கு ஆசை. அகராதியைப் புரட்டினால் சலசலப்புக்கு நேரே 'ரஸில்' என்று இருந்தது. "தி ரிவர் ரஸில்ஸ்" என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். டீச்சர் அதைச் சுழித்து, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "ஆறு என்ன, காய்ந்த சருகா?"

அகராதியைக் குறை சொல்ல முடியாது. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்கிறோமே, அங்கே சலசலப்பது பனையோலை. அது அசல் ரஸில். ஆனால் நமக்கு ஓலையும் சலசலக்கும், வாய்க்காலும் சலசலக்கும், பந்தியில் பாயசம் தீர்ந்துபோனால் கூட்டமும் சலசலக்கும். இங்கிலீஷில் அது நடக்காது. சத்தம் போடுவது யார் என்று விசாரித்துவிட்டுத்தான் வார்த்தையையே கையில் கொடுப்பார்கள். காய்ந்ததும் மெல்லியதும் ஒன்றோடொன்று உரசினால்தான் ரஸில். சருகு, பேப்பர், பட்டு இதெல்லாம் சேரும். அறுப்புக்கு நிற்கும் சம்பா வயலில் காற்று புகுந்தால் ரஸில் கேட்கும். அதே வயல் பச்சையாக இருந்தபோது வெறும் ஸ்வே, அதாவது இப்படியும் அப்படியும் அசைந்தாடுவது.

தண்ணீருக்குத் தனிக் கணக்கு. வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்கள், கல்லணை தாண்டி ஒருநாள் நம்ம வாய்க்காலுக்கும் தண்ணீர் வரும். பாளம் பாளமாக வெடித்த மண்ணில் விரல் பருமனுக்கு ஒரு கோடு ஊர்ந்து வருமே, அது டிரிக்கிள். மதகுக் குழாயில் காற்றும் தண்ணீரும் முட்டிக்கொண்டு கொடகொடவென்று புகுந்தால் கர்கிள். நிரம்பிய பிறகு படித்துறைப் படியைத் தொட்டுத் தொட்டுப் போனால் லேப். நாய் நக்கி நக்கித் தண்ணீர் குடிப்பதற்கும் இதே லேப்தான், படித்துறையை ஆறு நக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்! மேலே காற்று கிள்ளிவிட்ட சின்னச் சின்ன மடிப்பு ரிப்பிள்.

ரஸில், டிரிக்கிள், கர்கிள், ரிப்பிள். இங்கிலீஷில் எழுதிப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் வால் ஒன்றாக 'le' என்று இருக்கிறதா? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். ஒரு சின்ன அசைவு திரும்பத் திரும்ப நடக்கிறது என்பதற்கு இங்கிலீஷ் ஒட்டுகிற வால் அது. கிராக் என்றால் ஒரே வெடிப்பு, கிராக்கிள் என்றால் அடுப்பில் சுள்ளி படபடவென்று எரிவது. வேட் என்றால் தண்ணீருக்குள் கால் வைத்து நடப்பது, வாடில் என்றால் அறுத்த வயலில் மேய வரும் வாத்துக் கூட்டம் ஆடி ஆடி நடக்கும் நடை. அவர்கள் வால் ஒட்டிச் செய்வதை நாம் சொல்லை இரட்டித்துச் செய்கிறோம். இரட்டைக்கிளவி பிரிந்து நிற்காது என்று தொல்காப்பியம் சொல்லிவிட்டது, 'சல' மட்டும் சொன்னால் ஒன்றுமில்லை. இங்கிலீஷிலும் ஒரு அசல் இரட்டை உண்டு, லத்தீனிலிருந்து வந்த மர்மர். நம்ம முணுமுணு! ஸ்டெதாஸ்கோப்பில் லப்டப்புக்கு நடுவே ரத்தம் சுழித்தோடும் இரைச்சல் கேட்டால் டாக்டர்கள் அதையும் மர்மர் என்றே எழுதுகிறார்கள். இதயம் எதற்கோ முணுமுணுக்கிறது.

ஃப்ளட்டர், ட்ரிஃப்ட், கிளைட் மூன்றையும் ஓட்டமாகப் பார்த்துவிடலாம். கொடி படபடப்பது, ஆற்றோடு வெங்காயத்தாமரை இழுத்த பக்கம் போவது, கொக்கு சிறகடிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குவது. முடிந்தது.

இப்போது புடவை. வார்த்தை, ஸ்க்ரூப். பட்டு நூலின் பசையைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து எடுத்துவிட்டு, நீர்த்த அமிலத்தில் அலசினால் நூலுக்கு நூல் உரசும்போது இந்த மொரமொரப்பு வரும். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமே போதும். நாம் பாம்புக்கும் பட்டுக்கும் சேர்த்து ஒரே 'சரசர'வைக் கொடுத்துவிட்டோம், அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஸ்க்ரூப் நெசவு, சாயத் தொழிலில் இருப்பவர்களின் வார்த்தை. ஐஎல்ட்ஸ் பரீட்சையில் எழுதிவிட்டு மார்க் போச்சென்று என்னைத் திட்டாதீர்கள்.

முதல் தண்ணீர் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும்போது ஒரு சத்தம் வருமே, ரஸிலும் கர்கிளும் கலந்து? அதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள்? கமெண்டில் போடுங்கள், கடைமடைக்காரர்கள் கட்டாயம் போடுங்கள். பத்து நிமிஷம் தாண்டிவிட்டது, அம்மா வாசலில் நிற்கிறார்.