இலட்சியத்துக்காக செத்தவங்களும் ஒரு ராக் பாட்டும்

வணக்கம் நேயர்களே. இன்னைக்கு ஒரே ஒரு ஆல்பத்தப் பத்திதான் பேசப் போறேன். பெல்கிரேடுல 1978ல ஆரம்பிச்ச ரிப்லியா சோர்பாங்கிற ராக் பேண்ட், 1981ல போட்ட ம்ர்த்வா ப்ரிரோதா. யுகோஸ்லாவியா ஒரே நாடா இருந்த காலம், அந்த நாட்ட ஆண்ட தலைவர் டிட்டோ போய்ச் சேந்து ஒரு வருஷம்தான் ஆகுது, வெளிநாட்டுக் கடன் கழுத்த நெரிக்குது, ஆனா மேடையில பேசுற புரட்சிப் பெருமை மட்டும் கொஞ்சமும் குறையல.

அப்பத்தான் அந்த பேண்டோட பாடகர் போரா ஜோர்ஜெவிச் அந்தக் கரகர குரல்ல, இலட்சியத்துக்காக சாகறவன் முட்டாள்னு பாடுறார். அந்தப் பாட்டுக்கு அவர் வச்ச பேரே ரெமார்க்ங்கிற ஜெர்மன் எழுத்தாளர் முதல் உலகப்போர எதிர்த்து எழுதுன நாவலோட பேருதான், அதனால போர எதிர்க்கிற பாட்டுன்னு கேக்கும்போதே புரிஞ்சிடும். இன்னொண்ணு, இத வெளியிட்டது பெல்கிரேடு அரசாங்க ரேடியோ டிவியோட சொந்த ரெக்கார்டு கம்பெனி!

ரெக்கார்டு லட்சக்கணக்குல வித்துச்சு. ஆனா முன்னாள் போர்வீரர் சங்கத்துக்காரங்க கொதிச்சுப் போய் தடை போடச் சொன்னாங்க, சரயேவோ கச்சேரிக்கு முன்னாடி அந்த வரிகளுக்கு பேண்ட் எழுத்துல விளக்கம் கொடுக்க வேண்டியதாச்சு. அவங்க கோபம் எனக்குப் புரியுது. ரெண்டாம் உலகப்போர்ல அந்த நாட்டுல செத்தவங்க சுமார் 10 லட்சம் பேரு, தன்கூட நின்னு சண்டை போட்ட தோழன தன் கையாலயே புதைச்ச மனுஷனுக்கு அந்த வரி எங்க போய் குத்தியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஆனாலும், செத்தவங்க பேரச் சொல்லிச் சொல்லியே நாற்காலியில உக்காந்திருந்தாங்களே, பாட்டு அவங்களப் பாத்துதான் கேக்குதுன்னு நான் நினைக்கிறேன், அதுக்கு பதில் சொல்லாம பாடினவன்கிட்ட விளக்கம் கேட்டது தப்பு.

பத்து வருஷத்துல அந்த நாடே உடைஞ்சுது. 1991ல இருந்து இருபது வயசுப் பசங்கள மறுபடியும் கொடியக் காட்டி போருக்கு அனுப்புனாங்க. அந்த வரிய எழுதின போராவே அப்ப எங்க நின்னார்னா, செர்பிய தேசியவாதிகள் பக்கம், செட்னிக்குகளுக்கு, அதாவது செர்பிய தேசியவாத ஆயுதக் குழுக்களுக்கு, வெளிப்படையா ஆதரவு, அதே சமயம் செர்பியாவ ஆண்ட மிலோஷெவிச்ச திட்டியும் பாட்டு போட்டார். இத என்னால லேசா எடுத்துக்க முடியல, வருத்தமாத்தான் இருக்கு. அவர் 2024 செப்டம்பர்ல லுப்லியானாவுல இறந்துட்டார்.

ஆனா அந்த 1981 பாட்டு இன்னைக்கும் சரியாத்தான் பேசுது, எழுதினவர் பின்னாடி எங்க போயிருந்தாலும். இப்ப நம்ம நிலையத்துல அதப் போடுவாங்க, மொழி புரியலன்னு விட்டுடாதீங்க, ராய்க்கோ கோயிச்சோட கிட்டார முதல்ல கேளுங்க.