இரண்டரை வயது மகனுடன் முதல் கப்பல் பயணம்: நடு அறையைப் பற்றி மீண்டும் ஒருமுறை

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் வந்த சந்தேகங்களில் ஒன்று என்னை இரண்டு நாட்கள் விடவே இல்லை. ஆகவே மற்றவற்றை அடுத்த பதிவுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு மட்டும் விளக்கம் சொல்கிறேன். திருச்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர், மாமியார், இரண்டரை வயது மகன் ஆகியோருடன் சிங்கப்பூருக்குச் சென்று, அங்கிருந்து மலேசியாவின் பினாங்கு வரை போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணத்தில் செல்ல விரும்புகிறார்கள். நால்வருக்கும் இதுவே முதல் கப்பல் பயணம். அவருடைய கேள்வி இதுதான்: "ஐயா, எந்தக் கப்பலில் குழந்தைகளுக்கு அதிக விளையாட்டு வசதிகள் இருக்கின்றன?"

தொடர்ந்து பார்த்து வருகிறவர்கள் இப்போதே சிரிப்பீர்கள், நான் மறுபடியும் கப்பலின் நடு அறைக்கே போகப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டரை வயதுக் குழந்தைக்கு அந்த வசதிகளில் பெரும்பாலானவை பயன்படமாட்டா. பெரிய கப்பல்களில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகக்கூடிய சிறுவர் மன்றங்கள் பொதுவாக மூன்று வயது முடிந்தவர்களுக்கானவை. அதிலும் டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகிய பிள்ளையைத்தான் சேர்த்துக்கொள்வார்கள். டயப்பர் அணிந்த குழந்தையைப் பெரிய நீச்சல் குளத்தில் இறக்குவதற்கும் வழக்கமாக அனுமதி கிடையாது. தண்ணீர்ச் சறுக்குக்கு உயர அளவு கேட்பார்கள். ஆகவே விளம்பரத்தில் காட்டுகிற பத்து வசதிகளில் எட்டை உங்கள் மகன் உங்கள் தோளில் இருந்தபடி வேடிக்கைதான் பார்ப்பான்.

அப்படியானால் அவன் எங்கே இருப்பான்? அறையில் இருப்பான். பகலில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் அங்கேதான் உறங்குவான்; உடை மாற்றவும் பால் குடிக்கவும் அழுது அடங்கவும் அங்கேதான் வருவான். அதனால்தான் எந்தக் கப்பல் என்பதை விட்டுவிட்டு, அந்தக் கப்பலில் எந்த அறை என்று கேளுங்கள் என்று நான் ஓயாமல் சொல்லி வருகிறேன்.

முந்தைய பதிவில் காட்டிய அதே அடிக்கோலையும் பென்சிலையும் மறுபடியும் எடுத்துக்கொள்கிறேன். பென்சிலின் மேல் அடிக்கோலின் நடுப்பகுதியை வைத்து ஆட்டுகிறேன், பாருங்கள். இரண்டு முனைகளும் எவ்வளவு ஏறி இறங்குகின்றன! நடுவில் இருக்கும் இந்தப் பதினைந்தாம் சென்டிமீட்டர்க் கோடு ஏறக்குறைய அசையவே இல்லை. கப்பலும் இப்படித்தான். அலை அணியத்தை, அதாவது கப்பலின் முன்பகுதியை, தூக்கும்போது பின்பகுதி தாழ்கிறது. நடுப்பகுதி மிகக் குறைவாகவே நகர்கிறது. பெரிய பயணிகள் கப்பல்களின் இருபுறமும் நீருக்குள் சிறகு போன்ற தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும், அவை பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகக் குறைத்துவிடும். ஆனால் அணியம் ஏறி இறங்கும் இந்த முன்பின் ஆட்டத்தை அவற்றால் தடுக்க முடியாது. அதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே வழி நடுவில், முடிந்தவரை கீழ்த் தளத்தில் அறை எடுப்பதுதான்.

நீங்கள் தேர்ந்தெடுத்த வழித்தடம் நல்ல வழித்தடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு வரை செல்லும் மலாக்கா நீரிணைக்கு ஒருபுறம் மலாய்த் தீபகற்பமும் மறுபுறம் சுமத்ராவும் அரணாக நிற்கின்றன. விடியற்காலையில் சில மாதங்களில் திடீர்க் காற்றும் மழையும் வந்து போகும், அவ்வளவுதான். இதே பயணத்தை டிசம்பரில் தென்சீனக் கடலிலோ, நவம்பரில் நம் வங்கக் கடலிலோ வைத்துக்கொள்வதாக எழுதியிருந்தால், முதல் பயணத்துக்கு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

கடல் அமைதியாக இருக்கும் என்றால் அறை எங்கே இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கடல் நோய் கைக்குழந்தைகளை அவ்வளவாகத் தொடுவதில்லை. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளைத்தான் அதிகமாகப் பிடிக்கிறது. உங்கள் மகன் அந்த வாசலில் நிற்கிறான். அவனுக்குக் குமட்டுகிறது என்று சொல்லத் தெரியாது. அடிக்கடி கொட்டாவி விடுவான், முகம் வெளிறும், பிடித்த சாப்பாட்டையும் தள்ளிவிடுவான். அப்போது திறந்த தளத்துக்குத் தூக்கிச் சென்று காற்றுப் படும்படி நின்று, தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைக் காட்டுங்கள். மருந்து எதுவாக இருந்தாலும் ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டு, அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு செல்லுங்கள். பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் வேண்டாம்.

என் பேத்தியின் கதையைச் சிலர் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். முப்பது ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் கழித்த நான், பயணியாகக் கப்பல் ஏறியது அவளுடன்தான். அவளுக்கு அப்போது மூன்று வயது நிறைந்து பதினைந்து நாட்கள் ஆகியிருந்தன. டயப்பர் பழக்கத்தையும் விட்டுவிட்டாள். சிறுவர் மன்றத்தில் சேர்க்கலாம் என்று பெருமையாகப் போனோம். ஆனால் கப்பலின் கழிப்பறை தண்ணீர் ஊற்றி ஓடுவதன்று, காற்றை உறிஞ்சி இழுப்பது. பொத்தானை அழுத்தினால் ஓர் உறுமலோடு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். எனக்கு அது பழகிய ஓசை என்பதால் குழந்தையிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. முதல் உறுமலிலேயே வீறிட்டவள், பயணம் முடியும் வரை அந்த இருக்கையில் உட்கார மறுத்துவிட்டாள். டயப்பர் திரும்பி வந்தது, மன்றம் கைவிட்டுப் போனது. நீங்கள் குழந்தையைத் தூக்கி வெளியே விட்டுக் கதவைச் சாத்திய பிறகு பொத்தானை அழுத்துங்கள். இத்தனை ஆண்டு எஞ்சினியராக இருந்தவருக்கு இது தெரியாதா என்று என் மனைவி இன்றைக்கும் கேட்கிறார்.

அதே பயணத்தில் என் மனைவியின் மின்சாரக் கெட்டிலைப் பெட்டிச் சோதனையில் எடுத்துவைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பித் தந்தார்கள். சூடேற்றும் கருவிகளைத் தீ விபத்துக்கு அஞ்சிக் கப்பலில் அனுமதிப்பதில்லை, அது நியாயமே. வெந்நீர் உணவுக்கூடத்தில் எந்நேரமும் கிடைக்கும். ஒரு நல்ல பிளாஸ்க் போதும். வீட்டில் சமைத்த உணவைப் பொதுவாக ஏற்றவிட மாட்டார்கள்; கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கும் குழந்தை உணவைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அத்தையின் கையால் அரைத்த சத்துமாவு வேண்டுமென்றால் முன்கூட்டியே நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். இட்லி கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் சோறும் தயிரும் பருப்பும் கிடைக்காமல் போகாது. இரவு உணவுக்கு இரண்டு பந்தி இருந்தால் முதல் பந்தியைக் கேளுங்கள். சாப்பிடும் முன் கையில் தெளிக்கும் கிருமிநாசினியை மட்டும் நம்பாமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஏனென்றால் கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு அந்தத் தெளிப்பு அவ்வளவாக அஞ்சுவதில்லை.

அறைக்கே திரும்புகிறேன். பால்கனி உள்ள அறையா, ஜன்னலே இல்லாத உள்ளறையா என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறார். உள்ளறை மலிவு, நண்பகலிலும் கும்மிருட்டாக இருப்பதால் குழந்தை நன்றாக உறங்கும். ஆனால் இரவு எட்டு மணிக்கு அவன் உறங்கிய பின் நீங்கள் இருவரும் அந்த இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். பால்கனி இருந்தால் கதவைச் சாத்திவிட்டு வெளியே அமர்ந்து கடலைப் பார்க்கலாம், விடுமுறை உங்களுக்கும்தானே. கைப்பிடிச் சுவர் பெரியவரின் இடுப்புக்கு மேல் இருக்கும். அதன் உயரத்தால் ஆபத்து இல்லை, அதன் அருகே கிடக்கும் நாற்காலியால்தான் ஆபத்து. குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் நாற்காலிகளை அறைக்குள் இழுத்துப் போட்டுவிடுங்கள். பால்கனிக் கதவின் மேல்தாழ் வேலை செய்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். அறையின் வெளிக்கதவு தீயைத் தடுக்கும் கனமான கதவு, தானாகவே வந்து சாத்திக்கொள்ளும். சின்ன விரல்கள் கவனம். குளியலறை வாசலில் நிலைப்படி உயர்ந்திருந்தால் முதல் நாள் இரண்டு முறையாவது தடுக்கி விழுவான்.

முன்பதிவின்போது இன்னொன்றைக் கவனியுங்கள். அறை எண்ணை நிறுவனமே பின்னால் ஒதுக்கும் என்ற நிபந்தனையுடன் சில கட்டணங்கள் குறைவாக இருக்கும். அதை வாங்கினால் அணியத்தின் நுனியிலோ நடன அரங்கின் அடியிலோ உங்களைப் போடலாம். நூறு சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) கூடினாலும் எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். மேல் தளத்திலும் கீழ்த் தளத்திலும் அறைகளே இருக்கும்படி, மின்தூக்கிக்குப் பக்கத்தில், ஆனால் அதை ஒட்டி இல்லாமல், கப்பலின் நடுவில் உங்கள் அறை இருக்க வேண்டும். நடு என்பது நடைக்கும் நடுதான். முந்நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பலில், மறந்துவிட்ட பால் புட்டிக்காக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தூக்கம் வந்த குழந்தையோடு நடந்து பாருங்கள், இந்தக் கிழவன் ஏன் இதையே பேசுகிறான் என்று புரியும்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தைக்குத் தனிக் கடவுச்சீட்டும் தனி விசாவும் வேண்டும். பினாங்கு சென்று திரும்பும்போது நீங்கள் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்குள் நுழைகிறீர்கள்; ஆகவே உங்கள் விசா ஒருமுறைக்கு மேல் நுழைய இடம் தருகிறதா என்று பாருங்கள். கப்பல் புறப்படும் நாளன்று விமானத்தில் போய் இறங்காதீர்கள், ஒரு நாள் முன்பே சென்றுவிடுங்கள். கப்பலின் மருத்துவமனையில் கட்டணம் அதிகம் என்பதால், கப்பல் பயணத்தையும் உள்ளடக்கிய காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது, அந்தத் தாய் கேட்காமல் விட்ட, அவர் கேட்டிருக்க வேண்டும் என்று நான் விரும்புகிற கேள்விக்கு வருகிறேன். என் மகனின் உடம்புக்குப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி கப்பலில் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் உங்கள் அறை அலமாரியில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பன்னாட்டுக் கடல் விதிகள் அங்கிகளை உடல் எடையைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கின்றன. 15 கிலோவுக்குக் குறைவானவர்களுக்குக் கைக்குழந்தை அங்கி. 15 முதல் 43 கிலோவுக்குள் இருப்பவர்களுக்குச் சிறுவர் அங்கி. அதற்கு மேல் பெரியவர் அங்கி. இரண்டரை வயதுப் பிள்ளை நம் ஊரில் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோ இருப்பான். அவன் ஓடுகிறான், பேசுகிறான் என்பதற்காகச் சிறுவர் அங்கியைக் கொடுத்தால் அது அவனுக்குப் பெரிதாகிவிடும். அவனுக்கு உரியது கைக்குழந்தை அங்கி. ஒரு நாளுக்கு மேல் செல்லும் பயணத்தில், ஏறியிருக்கும் ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஓர் அங்கி இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே அறைக்குள் நுழைந்ததும், பெட்டியைத் திறப்பதற்கு முன், அறைப் பணியாளரிடம் குழந்தையின் எடையைச் சொல்லி, அங்கி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யார் கொண்டு வந்து தருவார்கள் என்று கேளுங்கள்.

அதன் பின் அவசரகாலப் பயிற்சி. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கொன்கோர்டியா என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று மாலையில்தான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை, ஏனென்றால் 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதே அன்றைய விதி. இப்போது புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். பல கப்பல்களில் கைபேசியில் படம் பார்த்துவிட்டு ஒன்றுகூடும் இடத்தில் தலையைக் காட்டினால் முடிந்துவிடுகிறது. நீங்கள் அப்படி விட்டுவிடாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறையிலிருந்து அந்த இடம் வரை படிக்கட்டு வழியாகவே ஒருமுறை நடந்துவிடுங்கள். ஆபத்து நேரத்தில் மின்தூக்கியை நம்பக்கூடாது. உங்களுடன் வருகிற அத்தைக்கு முழங்கால் வலி உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு அவரை யார் பிடித்துக்கொள்வது, குழந்தையை யார் தூக்குவது என்று அந்த நடையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அதுவே அழைப்பு. பயிற்சியின்போது அந்தச் சத்தத்துக்கும் குழந்தை அழுவான், என் பேத்தி கழிப்பறைக்கு அழுததுபோலவே; இதை முன்கூட்டியே அவனிடம் விளையாட்டாகச் செய்து காட்டிவிடுங்கள்.

இந்த நடைக்கும் நடு அறைதான் நல்லது என்று சொன்னால் நீங்கள் சலித்துக்கொள்வீர்கள், ஆகவே அடிக்கோலை இத்தோடு உள்ளே வைத்துவிடுகிறேன். திருச்சி அம்மா, முன்பதிவை முடிக்கும் முன் கப்பலின் பெயரையும் அவர்கள் காட்டுகிற அறை எண்ணையும் எழுதி அனுப்புங்கள். தள வரைபடத்தில் அதன் மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பார்த்து அடுத்த பதிவில் சொல்கிறேன். வணக்கம்.