விசாரிக்க வந்தவர்கள்

நேயர்களுக்கு என் வணக்கம். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் குழந்தைகள் இல்லங்களுக்கும் ஊழியப் பயணமாகச் செல்லும் திருச்சபைக் குழுக்களுடன் நான் சில முறை சென்று வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள்.

இத்தகைய பயணம் ஒவ்வொன்றும் புறப்படுவதற்கு முன் மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரம் வாசிக்கப்படுவது வழக்கம். வியாதியாயிருந்த என்னை 'விசாரிக்க வந்தீர்கள்' என்று அங்கே ஆண்டவர் சொல்கிறார். குணமாக்கினீர்கள் என்று சொல்லவில்லை. விசாரித்தல் என்னும் சொல்லுக்கு நலம் கேட்டல் என்றும், பொறுப்பேற்றுப் பராமரித்தல் என்றும் பொருள் உண்டு. காவல் நிலையத்தில் வழங்கும் மூன்றாவது பொருளும் உண்டு. சில குழுவினர் கையில் கேமராவுடன் ஒரு நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அந்த மூன்றாவது பொருள்தான் நினைவுக்கு வருகிறது.

முதல் பயணத்தில் நாங்கள் ஒன்பது பேர், இரண்டு வாரங்களுக்காகச் சென்றிருந்தோம். பொம்மைகளும் பலூன்களும் நாங்களே திரட்டிய மருந்துகளும் பெட்டிகளில் இருந்தன. மருத்துவமனையின் தலைமைச் செவிலியர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, உங்களில் யாருக்கு இந்த ஊர் மொழி தெரியும் என்பது. ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை, சலவையிலிருந்து வந்த போர்வைகளை மடிக்கும் வேலையை எங்களுக்குக் கொடுத்தார். மருந்துகளில் பெரும்பகுதியை அவரால் ஏற்க முடியவில்லை. நன்கொடை மருந்து வந்து சேரும்போது குறைந்தது ஓராண்டாவது அதன் காலாவதிக்கு மீதமிருக்க வேண்டும் என்றும், அங்குள்ள மருத்துவப் பணியாளர்களுக்குப் புரியும் மொழியில் அதன் மேலுறை இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருப்பதை நாங்கள் அங்கேதான் அறிந்துகொண்டோம்.

மூன்றாம் நாள், காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட, துணைக்கு யாரும் வராத ஒரு முதியவரின் அருகில் என்னை உட்காரச் சொன்னார்கள். பேச வழியில்லாமல் சற்று நேரம் இருவரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி, தம் மொழியில் ஒன்று முதல் பத்து வரை எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு காலையும் எனக்குத் தேர்வு நடந்தது. ஏழு என்ற எண்ணில் நான் தவறாமல் தடுமாறுவேன், அறை முழுவதும் சிரிக்கும். கொடுக்கப் போன இடத்தில் நான் மாணவனாக உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு வாரங்களில் நான் செய்த உருப்படியான ஊழியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

மொழி என்றதும் சாமுவேல் ஃபிஸ்க் கிரீனைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அந்த அமெரிக்க மருத்துவர் தமிழைக் கற்று, ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் உள்ளூர் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நோயாளியின் மொழியில் நோயைப் பேச அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்திருக்க, இரண்டு வாரம் சென்று வரும் நாம் அவருடைய வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொள்ளச் சற்றுக் கூச்சப்பட வேண்டும். அதே 1847 இல்தான் வியன்னாவில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் தம் சக மருத்துவர்களைக் கை கழுவச் சொன்னார் என்பதையும் இடையில் நினைவூட்டுகிறேன். வார்டுக்குள் நுழையும் விருந்தினர் எவராயினும் அவருடைய முதல் ஊழியம் சோப்புப் போட்டு முழுதாக நாற்பது முதல் அறுபது விநாடிகள் கை கழுவுவதே.

குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தயக்கம் கூடுகிறது. ஓர் இல்லத்தின் வாசலில் நாங்கள் இறங்கியதுமே சின்னஞ்சிறு பிள்ளைகள் ஓடிவந்து எங்கள் மடியில் ஏறிக்கொண்டார்கள். எத்தனை அன்பு என்று நாங்கள் நெகிழ்ந்தோம். அறிமுகமில்லாதவரின் கழுத்தைத் தயக்கமின்றிக் கட்டிக்கொள்ளும் குழந்தை, நிலையாகத் தன்னோடு இருக்கும் ஒருவரைப் பெறாத குழந்தையாக இருக்கலாம் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

லண்டனில் மனநல சமூகப் பணியாளராக இருந்த ஜேம்ஸ் ராபர்ட்சன், அறுவை சிகிச்சைக்காகப் பெற்றோரைப் பிரிந்து மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை 1952 இல் படமெடுத்துக் காட்டினார். இப்படிப் பிரிந்த குழந்தைகள் முதலில் அழுது எதிர்ப்பதையும், பிறகு நம்பிக்கை இழந்து அடங்குவதையும், கடைசியில் பற்றையே விட்டுவிடுவதையும் அவர் விளக்கினார். அழுகை நின்றதும் குழந்தை பழகிவிட்டது என்று செவிலியர் எண்ணியிருந்த காலம் அது. 1959 இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிரிட்டனின் பிளாட் குழு, பெற்றோர் தடையின்றிக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஊழியக் குழுக்களோ வாரந்தோறும் புதுமுகங்களாக வந்து, பாடி, விளையாடி, விடைபெற்று, அந்தப் பிரிவைத் திரும்பத் திரும்ப நிகழ்த்துகின்றன. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள்; வறுமைதான் அவர்களை அங்கே சேர்த்திருக்கிறது. இல்லங்களில் தன்னார்வலர் வருகையால் விளையும் தீங்குகளைத் தடுக்கும்படி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019 இன் தீர்மானம் ஒன்றில் நாடுகளைக் கேட்டுக்கொண்டது. பிள்ளைகளைக் கொஞ்சும் வேலையை அவர்களுடைய வளர்ப்புத் தாய்மாரிடமே விட்டுவிட்டு, அந்தத் தாய்மாரின் துணிகளைத் துவைத்துக் கொடுத்தால் நாம் செய்வது ஊழியம் ஆகாதா? அப்படிச் செய்தால் படம் நன்றாக வராது என்பது மட்டும் உண்மை.

ஜெபத்தைப் பற்றியும் ஒரு சொல். படுக்கையில் இருப்பவர் எழுந்து போக இயலாதவர். தமக்கு உதவ வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்ல அஞ்சுபவர். உதவியை ஒரு சமய நிலைப்பாட்டைப் பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994 இல் வகுத்த நடத்தை நெறியில் இருப்பதைச் சில நண்பர்கள் ஊழியத்துக்குத் தடையாகக் கருதுகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. நோயாளி தாமே கேட்டால் அருகில் அமர்ந்து ஜெபிக்கிறேன். கேட்காவிட்டால் அறைக்குத் திரும்பிய பின் ஜெபிக்கிறேன். கடவுளுக்கு இரண்டும் கேட்கும் என்று நம்புகிறவன் நான்.

இப்போது எங்கள் குழுவில் நான்கு பேர்தான் செல்கிறோம், ஆண்டுதோறும் அதே நான்கு பேர். மற்ற ஐந்து பேரின் விமானக் கட்டணம், அந்த மருத்துவமனையே தேர்ந்தெடுத்த உதவியாளர் ஒருவரின் சம்பளமாகிறது. துணைக்கு ஆளில்லாத நோயாளிகளின் அருகில் இப்போது அந்தப் பெண் அமர்கிறார், அவர்களுடைய மொழியிலேயே பேசுகிறார். நாங்கள் போய்ச் சேர்ந்ததும் தலைமைச் செவிலியர் போர்வைக் கூடையைக் காட்டுகிறார், உட்கார்ந்து மடிக்கிறோம்.

வணக்கம்.