மெல்லிய குரலில் ஒரு கோபம்: 'ரன்னிங் அவுட் ஒஃப் லவ்'

[காட்சி: கிளிநொச்சி, ஏ9 வீதி, மாலை. பின்னணியில் மெல்லிய கீபோர்ட் இசை]

குரல்: வணக்கம். வன்னியில் அரசியல் பாட்டு என்றால் நமக்கு ஒலிபெருக்கியும் உச்சக் குரலும்தான் நினைவுக்கு வரும். இன்றைக்குப் பார்க்கப்போகும் அல்பத்தில் அதெல்லாம் இல்லை. பக்கத்தில் குழந்தை தூங்குகிறது என்பதுபோலத்தான் பாடுகிறார் யொஹான் டங்கன்சன். ஆனால் வரிகளில் கோபம் கொதிக்கிறது.

அவர் பாடும் சுவீடன் குழுவான 'த ரேடியோ டெப்ட்.' 2016 ஒக்டோபரில் வெளியிட்ட அல்பம் இது. இவர்களுடையது ட்ரீம் பொப். எதிரொலிக்கும் கிற்றார், கீபோர்ட், அதற்குள் அமிழ்ந்த குரல்.

[காட்சி: சுவீடன் வரைபடம்]

குரல்: ஏன் இவ்வளவு கோபம்? 2014 தேர்தலில் குடியேற்றத்தை எதிர்க்கும் சுவீடன் ஜனநாயகவாதிகள் கட்சி ஏறத்தாழ 13 சதவீத வாக்கோடு மூன்றாம் இடத்துக்கு வந்தது. 2015இல் 1,60,000 பேருக்கு மேல் அங்கே அடைக்கலம் கேட்டார்கள். அந்த ஆண்டு முடியுமுன்னரே எல்லையில் சோதனை தொடங்கிவிட்டது. ஐரோப்பாவில் உறவினர் இருக்கிற நம் வீடுகளுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. சமூகம் பின்னோக்கிப் போகிறது, அதைப் பற்றித்தான் இந்த அல்பம் என்று குழுவே சொன்னது.

முதல் பாட்டின் பெயர் 'ஸ்லோபோடா நரோடு', 'மக்களுக்கு விடுதலை'. யூகோஸ்லாவியப் போராளிகளின் பாசிச எதிர்ப்பு முழக்கத்தின் பிற்பாதி அது. 1942இல் அந்தப் போராளிகளில் ஒருவரான ஸ்ரெபான் பிலிப்போவிச் தூக்குமேடையில் கைகளை உயர்த்தி முழங்கியதும் இதைத்தான்.

[காட்சி: முகமாலை, கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை]

குரல்: விமர்சகர்கள் பெரும்பாலும் நல்ல வரவேற்பே கொடுத்தார்கள். இனிமையான இசையும் கசப்பான சொற்களும் சேர்ந்திருப்பது பலரைக் கவர்ந்தது. சரி, இவ்வளவு மெதுவாகப் பாடினால் யாருக்கு உறைக்கும்?

எனக்கு உறைத்தது 'சுவீடிஷ் கன்ஸ்' பாட்டில். சுவீடன் தன் ஆயுதங்களை வெளிநாடுகளுக்கு விற்பதைப் பற்றிய பாட்டு. தாளம் மிதக்கிறது, குரல் கொஞ்சுகிறது, கேட்க விளம்பரம் மாதிரியே இருக்கிறது. ஆயுதம் விற்கிறவன் அப்படித்தானே பேசுவான்? சத்தமெல்லாம் அது வந்து விழுகிற ஊரில்தான். முகமாலையில் ஆண்டுக்கணக்காக மண்ணைக் கிளறிக் கண்ணிவெடி எடுத்ததைப் பார்த்த நமக்கு, அந்தக் கொஞ்சல் வெறும் பாணியாகத் தெரியாது. சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் படும்.

புதிதாகக் கேட்பவர்கள் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பாட்டிலேயே தொடங்குங்கள். அப்புறம் 'வீ கொட் கேம்'. இனவாதத்தைச் சாடும் பாட்டு, ஆனால் கால் தானாகவே தாளம் போடும்.