வாய் நமநமக்கும் ஐந்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. 1988-ல் அரசு பஸ்ஸில் ஓட்டுநராகச் சேர்ந்து 2015-ல் ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் திருநெல்வேலி – மதுரை தடம். இடையில் மூன்று வருடம் நீங்கலாகப் பதினெட்டு வருடம், நாளுக்கு இருபது சிகரெட் குடித்தவன். 2009 பொங்கலோடு விட்டேன். எப்படி விடுவது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். விட்ட பிறகு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கழித்தும் திடீரென்று வாய் நமநமக்குமே, அதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு எனக்குத் தகுதி உண்டு. போன கார்த்திகைக்குக்கூட வந்தது.

விளக்கு வைக்கிற நேரம். வீட்டுக்காரி அகலில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டுவிட்டுத் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினாள். குச்சியை உரசினேன். அந்த மருந்து வாசம் மூக்கில் ஏறியதும் உதடு தானாகக் குவிந்தது. இடது கை குச்சியைச் சுற்றிக் குடை மாதிரி வளைந்துகொண்டது, காற்றே இல்லாத வீட்டுக்குள்ளே. குச்சி மெல்ல வாய்ப் பக்கம் வந்துவிட்டது. வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே நின்றவள், "என்னங்க, விளக்கு கீழே இருக்கு" என்றாள்.

இத்தனை வருடம் ஆகியும் ஏன் இப்படி? உடம்பில் நிகோடின் மிச்சம் இருக்கிறதா என்றால், இல்லவே இல்லை. ஒரு இழுப்பு இழுத்தால் பத்து இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்ச் சேர்கிற சரக்கு அது. இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். விட்ட முதல் மூன்று நாள்தான் உயிர் போகும். எரிச்சல், தூக்கமின்மை, எதிரில் வருகிறவர்கள் மேலெல்லாம் கோபம். மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கு அப்புறம் கேட்பது உடம்பு இல்லை, பழக்கம். நாளுக்கு இருபது சிகரெட், ஒன்றுக்குப் பத்து இழுப்பு என்று போட்டாலும் பதினெட்டு வருடத்தில் பதிமூன்று லட்சம் தடவை ஆகிறது. டீ குடித்தால் இது, மழை பெய்தால் இது, டிரிப் முடிந்தால் இது என்று பதிமூன்று லட்சம் தடவை மூளைக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அது மறக்கவில்லை என்று அதைக் கோபித்து என்ன பயன்?

சிகரெட் குடித்த காலத்திலேயே ஒன்று கவனித்திருக்கிறேன். வண்டி ஓட்டும்போது எனக்கு அவ்வளவாக நமநமக்காது. ஸ்டியரிங்கைப் பிடித்தால் சாத்தூர் தாண்டி, விருதுநகர் தாண்டி ஓட்டுவேன், ஞாபகமே வராது. திருமங்கலம் தாண்டியதும் ஆரம்பிக்கும். மாட்டுத்தாவணிக்குள் வண்டியைத் திருப்பும்போது கை பரபரக்கும். அதுவே கோவில்பட்டியோடு திரும்புகிற டிரிப் என்றால், ஒரு மணி நேரத்திலேயே, கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு கண்ணில் பட்டதும் அதே பரபரப்பு. எத்தனை நேரம் குடிக்காமல் இருந்தேன் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கே இறங்கப் போகிறேன் என்பதுதான் கணக்கு.

இதை ஒரு டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் ரூவென் தார் என்ற உளவியல் பேராசிரியரும் உடனிருந்தவர்களும் செய்து 2010-ல் வெளியானது. விமானப் பணியாளர்களில் சிகரெட் குடிக்கிறவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஐரோப்பாவுக்குப் போகும்போது நாலைந்து மணி நேரம், நியூயார்க் போகும்போது பத்து மணி நேரத்துக்கு மேல். இரண்டிலுமே புகைக்க முடியாது. இரண்டிலுமே விமானம் தரையிறங்க நெருங்க நெருங்கத்தான் தவிப்பு ஏறியிருக்கிறது. ஐரோப்பாவில் இறங்கப் போகிறவர்கள் தவித்துக்கொண்டிருந்த அதே நாலாவது ஐந்தாவது மணியில் நியூயார்க் போகிறவர்கள் பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறார்கள். ஆகாயத்தில் அவர்கள் கண்டதைத்தான் நான் திருமங்கலத்தில் கண்டிருக்கிறேன்!

அதனால் நான் இதோடு சண்டை போடுவதில்லை. "மன உறுதி வேண்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அந்தப் பேச்சில் அவ்வளவு நம்பிக்கை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு "வேண்டாம் வேண்டாம்" என்று சொன்னாலும் நினைப்பு அதிலேதானே இருக்கிறது. விட்ட புதிதில் கயத்தாறு தாண்டும்போது அப்படி ஒரு சபலம் வரும். வண்டி நிறையப் பயணிகள், நிறுத்தவும் முடியாது. ஓட்டிக்கொண்டே இருப்பேன். நாலைந்து கிலோமீட்டர் போவதற்குள் அது போயிருக்கும். போனதுகூடத் தெரியாது, கொஞ்ச நேரம் கழித்துத்தான், அட, காணோமே என்று தோன்றும். மணிக்கு அறுபதில் போகிற வண்டிக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் ஐந்து நிமிடம். அன்றிலிருந்து எனக்கு அதுதான் அளவு. வந்தால் வரட்டும், அஞ்சு கிலோமீட்டர். வீட்டில் இருந்தால் எழுந்து தெருக்கோடி வரை நடப்பேன், இல்லாவிட்டால் ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாகக் குடிப்பேன்.

டீயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாது. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீ காபியில் இருக்கும் காஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடுகின்றன. புகையை விட்டதும் சில நாளில் அந்த வேகம் போய்விடும். நீங்கள் வழக்கம்போல ஆறு டீ குடிப்பீர்கள், ஆனால் ரத்தத்தில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு நிற்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது. சிகரெட் இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஒன்றைப் பற்றவைப்பீர்கள். நான் ஆறை மூன்றாக்கினேன். அந்தப் படபடப்பில் பாதி காணாமல் போனது.

நிகோடின் சூயிங்கமும் கொஞ்ச நாள் போட்டேன். அதைக் கடகடவென்று மெல்லக் கூடாது. நாலு மெல்லு மென்றதும் சுருக்கென்று காரம் தெரியும். உடனே ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். எச்சிலை விழுங்கினால் விக்கல்தான் மிச்சம். டீ குடித்த கையோடு போட்டாலும் பலன் குறைவு, கால் மணி நேரமாவது விடுங்கள். எந்த அளவு, எத்தனை நாள் என்பதையெல்லாம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிகரெட்டுக்குப் பதிலாகப் பாக்குக்குப் போய்விடாதீர்கள், பாக்கும் புற்றுநோயில்தான் கொண்டுபோய் விடும். நான் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் போனேன். ஐந்து கிலோ ஏறினேன். பரவாயில்லை.

இனி அந்த மூன்று வருடக் கதை. 2001-ல் ஒரு தடவை விட்டிருந்தேன். 2004-ல் என்னோடு பல வருடம் வண்டியில் வந்த கண்டக்டர் இறந்துபோனார். சுடுகாட்டு வாசலில் நிற்கிறோம். யாரோ பாக்கெட்டை நீட்டினார்கள். துக்கம், புகை, பழைய சேக்காளிகள் எல்லாம் ஒன்றாக இருந்தது. ஒன்றுதானே என்று எடுத்தேன். அந்த ஒன்று என்னைக் கெடுக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மறுநாள் காலையில், "அதான் போச்சே, இனிமே என்ன" என்று பெட்டிக்கடையில் சில்லறையாக இரண்டு வாங்கினேன் பாருங்கள், அதுதான் கெடுத்தது. கருமாதிக்குள் பாக்கெட் வாங்க ஆரம்பித்துவிட்டேன். மறுபடி விட ஐந்து வருடம் ஆயிற்று. கேட்டுக்கொண்டிருக்கிற யாராவது நேற்று அப்படி ஒன்றைக் குடித்திருந்தால், மூன்று வருடமும் வீணாகிவிட்டதாக நினைக்காதீர்கள். நடுவில் ஒரு சிகரெட், அவ்வளவுதான். இன்றைக்கு வாங்காதீர்கள்.

கனவிலும் வரும். நான் பற்றவைத்து ருசித்துக் குடித்துவிட்டு, ஐயையோ என்று பதறி எழுந்திருக்கிறேன். விட்டவர்கள் நிறையப் பேர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது ஒன்றுமில்லை, புரண்டு படுத்துக்கொள்ளுங்கள்.

யாரிடமாவது பேச வேண்டும் போல இருந்தால் சிகரெட் பாக்கெட்டிலேயே ஓர் எண் அச்சடித்திருக்கிறது: 1800 11 2356. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம்.

இந்த நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. தூணில் லைட்டரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்த இடத்தில் முனை கனன்றுகொண்டே ஒரு கயிறு தொங்கும். வரும்போது அதைப் பார்த்ததும் எனக்கு லேசாக நமநமத்தது. உள்ளே வந்து, கையெழுத்துப் போட்டு, இந்த மைக் முன்னால் உட்காருவதற்குள் போய்விட்டது. திரும்பும்போது அங்கேதான் டீ குடிப்பதாக இருக்கிறேன், சர்க்கரை கம்மியாக. வணக்கம்.