லயத்துக்கு வந்த பேர்

நேயர்களே, வணக்கம். மலையகத் தேயிலைத் தோட்டப்புறங்களில் நெடுங்காலம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன் நான். நோய்க்கு வைக்கும் பெயர் சனங்களை என்ன பாடுபடுத்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவன்.

2020 ஒக்டோபரில், கொரோனா பரவிய நேரம், செய்தியைத் திறந்தால் "மினுவாங்கொட கொத்தணி", "பேலியகொட கொத்தணி" என்றுதான் கேட்கும். தலவாக்கலைப் பக்கம், ஆட்கள் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்தில் ஓர் அக்கா, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: "கொத்தணின்னா என்னாங்க ஐயா, அங்க உள்ள ஆளுங்களா?" ஓரிடத்தில் தொடங்கிப் பலருக்குத் தொற்றியதைக் குறிக்கிற சொல் அது. அவர் காதில் தங்கியதோ கொழும்புப் பக்கத்து ஊர்ப்பெயர்தான். அந்தத் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளிடம் முகங்கொடுத்துப் பேசவே ஆட்கள் தயங்கினார்கள். வரிசை வீடுகளான லயம் ஒன்றில், காய்ச்சல் கண்ட மகனை ஒரு தாய் இரண்டு நாள் காம்பராவுக்குள், அதாவது அவர்களுடைய ஒரே அறைக்குள், மறைத்து வைத்திருந்தார். "வெளிய தெரிஞ்சா எங்க லயத்துக்கே பேர் வந்துரும் ஐயா" என்று அழுதார். அந்த இரண்டு நாளும் அதே காம்பராவில் ஆறு பேர் படுத்தார்கள்.

புதிய நோய்களுக்கு ஊர், ஆள், தொழில், மிருகம் இவற்றின் பெயரைச் சூட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இலேயே கேட்டுக்கொண்டது. காரணம் இருந்தது. 2009இல் 'பன்றிக்காய்ச்சல்' என்ற பேரைக் கேட்டு எகிப்தில் பன்றிகளைக் கொன்று குவித்தார்கள். நோயோ மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றிக்கொண்டிருந்தது.

சனங்கள் வாயில் பழகிய பழைய பெயர்களை மாற்றுவது லேசல்ல. எலிக்காய்ச்சலையே எடுங்கள். "எலி கடிக்கலையே" என்று சொல்லிக் காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். கடிக்க வேண்டியதில்லை. எலி, மாடு, நாய் இவற்றின் மூத்திரம் கலந்த சேற்றுத் தண்ணீர் காலில் உள்ள வெடிப்பில் பட்டாலே போதும்.

கொரோனா நேரம் எங்களுக்கு ஒருமுறை வந்த துண்டுப் பிரசுரத்தில் "தனி அறையில் இருக்கவும்" என்று அச்சடித்திருந்தது. ஒற்றைக் காம்பரா வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. மருத்துவமாதும் நானும் லயம் லயமாகப் போய், "ஜன்னலைத் திறந்து வையுங்க, தலைமாட்டை மாத்திப் படுங்க, கோப்பையை வேறா வையுங்க" என்று வாயால் சொன்னோம். செய்தார்கள்.

மழை தொடங்கினால் மரக்கறித் தோட்டச் சேற்றில் இறங்குகிறவர்கள், இறங்குமுன்பே சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்து, கண்ணும் சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேற்றில் இறங்கியதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.